உன் பெயரில் ஓர் அந்நியக் கடன்

கண்ணு,

வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில், "சிபில்ல ஒரு பழைய பாக்கி காட்டுதுங்க, அதைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று உன் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீ வாங்காத கடன், அல்லது வாங்கியதாக நினைவில்லாத கடன். தூக்கம் போயிற்று என்கிறாய். வங்கியின் கடன் பிரிவில் தலை நரைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிபில் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்கு வருவது நின்றபாடில்லை. அவர்கள் பட்டதையும் அவர்களோடு அலைந்ததில் நான் கற்றதையும் உனக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எந்தப் பதிவும் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேதியில், ஏதோ ஒரு காகிதத்தை வைத்து எழுதியது அது. அந்த ஆளையும் தேதியையும் காகிதத்தையும் கண்டுபிடிக்கும்வரை யார்மேலும் கோபப்படாதே. உன்மேலும்தான்.

1. அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே.

பயந்தவன் கை முதலில் பணப்பைக்குத்தான் போகும். எங்கள் தெருவில் ஒரு பையன், லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதுகிறவன். அவன் அறிக்கையில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் பாக்கி என்று ஒரு வரி இருந்தது. வசூல் ஏஜென்ட் ஒருவர் போன் போட்டு, "கட்டிட்டா இன்னிக்கே க்ளியர் ஆயிடும்" என்றார். தொல்லை விட்டது என்று கட்டிவிட்டான். அது வேறொருவர் வாங்கிய கடன் என்று பிறகு தெரிந்து முறையிடப் போனபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "உங்க கடன் இல்லேன்னா ஏன் சார் கட்டினீங்க?" பையனிடம் பதில் இல்லை. தொகை சிறிதோ பெரிதோ, கடன் யாருடையது என்று தெரிகிறவரை ஒரு ரூபாயும் கொடுக்காதே. 'சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் பக்கமும் போகாதே. பிழையைத் திருத்தச் சொல்லி மனுப் போடக் கட்டணம் கிடையாது. உண்மையான பதிவை அழிக்க எந்தத் தரகராலும் முடியாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்கும்வரை போடவே கூடாது.

2. மதிப்பெண்ணை விட்டுவிட்டு அறிக்கையைப் படி.

300-லிருந்து 900 வரை போகிற அந்த எண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அது இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஏன் இறங்கியது என்பதைச் சொல்லாது. காரணம் முழு அறிக்கையில் இருக்கிறது. நம் நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நாம் பேச்சில் நாலையும் 'சிபில்' என்றே சொல்லிவிடுகிறோம். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2017 ஜனவரி முதல் இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நாலையும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடு. ஒன்றில் இருக்கும் பிழை இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம். அந்த வித்தியாசமே பெரிய தடயம். நம்முடையதை நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. குறையாது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பயப்படுகிற பழக்கம் உனக்கு வேண்டாம்.

3. கடனைத் தேடுமுன் உன்னைப் பற்றிய பக்கத்தைப் பார்.

பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, தொலைபேசி எண். இவற்றை வைத்துத்தான் எந்தக் கடன் யாருடையது என்று கணினி சேர்க்கிறது. நம் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை ஒரு வங்கி முன்னால் போடும், ஒரு வங்கி பின்னால் போடும், இன்னொன்று அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதும். பிறந்த தேதியோ, என் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டது. பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவனுக்கு விசைத்தறிக் கடன் ஒன்று ஏறியிருந்தது. தறியைத் தொட்டதே இல்லை என்று கொதித்தான். முகவரிப் பகுதியைப் பார்த்தால், அவன் குடியிருந்தே இராத ஒரு தெரு. அங்கே போய் விசாரித்தால் அதே பெயரில், அதே இனிஷியலில் ஒரு தறிக்காரர். ஒரே குலதெய்வத்தின் பெயரை இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். சண்டைக்குப் போனவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, "அது என் கடன்தான் தம்பி" என்று எழுதியும் கொடுத்தார் அந்த மனிதர். திட்டப் போனவன் சாட்சியோடு திரும்பினான். உனக்குத் தெரியாத முகவரியோ போன் எண்ணோ கண்ணில் பட்டால் அதை அடிக்கோடிட்டு வை. அங்கிருந்துதான் வழி தொடங்கும்.

4. அந்த ஒரு வரியை நிதானமாகப் படி.

கடன் கொடுத்தது யார், என்ன வகைக் கடன், நீ அதில் யார், எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசியாக எப்போது பணம் வந்தது, எந்தத் தேதியில் தகவல் அனுப்பினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அதற்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், மூன்று வருடம் வரை பின்னோக்கிப் போகும். 000 என்றால் அந்த மாதம் தவணை ஒழுங்கு. 030 என்றால் முப்பது நாள் தாமதம். 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து ஒரு டீச்சரம்மா அழுதே விட்டார். அந்த மாதம் தகவல் வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள், வேறொன்றும் இல்லை. வரிசையாக 000, பிறகு 030, 060, 090 என்று ஏறினால், எந்த மாதம் முதல் பிசகியது என்பதைக் குறித்துக்கொள். அந்த மாதம் உன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று யோசி. வேலை மாறினாயா, சம்பளக் கணக்கு மாறியதா, பழைய கணக்கிலிருந்து தவணை போகாமல் நின்றதா? இன்னொன்றும் பார். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வங்கிகள் தகவல் அனுப்ப வேண்டும். அதற்கு முன்பு மாதம் ஒருமுறைதான். போன வாரம் அடைத்த கடன் இன்னும் பாக்கி காட்டினால் அது பிழையல்ல, தாமதம். தாமதத்துக்கும் பிழைக்கும் வித்தியாசம் தெரியாமல் சண்டைக்குப் போகிறவன் சொல்லுக்கு மதிப்பு இராது.

5. பிறரைச் சந்தேகிக்குமுன் உன் ஞாபகத்தைச் சந்தேகி.

"சத்தியமா நான் இந்தக் கம்பெனிகிட்ட கடன் வாங்கலைங்க" என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னவர்களில் பலர், நிஜமாகவே வாங்கியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, தெரியவில்லை. தீபாவளிக்கு 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்கிய வாஷிங் மெஷினுக்குக் கடன் கொடுத்தது கடைக்காரர் அல்ல, பின்னால் இருக்கிற நிதி நிறுவனம். அறிக்கையில் அந்தப் பெயர்தான் வரும். போனில் ஆப் வைத்துக் கடன் எடுத்தால் ஆப்பின் பெயர் ஒன்று, பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேறொன்று. நகைக்கடனை மறுவைப்பு வைத்தால் பழையது முடிந்து புதிய கணக்கு ஒன்று பிறக்கும். மகனுக்கு வாங்கிக் கொடுத்த துணைக் கிரெடிட் கார்டின் செலவு உன் கணக்கில்தான் ஏறும். கடன் தொடங்கிய தேதியை எடுத்துக்கொண்டு, அந்த மாதத்து பாஸ்புக்கையும் வங்கிக் குறுஞ்செய்திகளையும் பழைய பில்களையும் புரட்டு. தொகை ஒத்துப்போகிறதா என்று பார். நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும். பாஸ்புக் யார் பக்கமும் சேராது.

6. வீட்டில் கேள், ஆனால் விசாரணை நடத்தாதே.

அறிக்கையில் உன் பங்கு 'ஜாமீன்தாரர்' அல்லது 'கூட்டுக் கடன்தாரர்' என்று இருக்கிறதா பார். மச்சான் டிராக்டர் எடுத்தபோது போட்ட ஜாமீன் கையெழுத்து, தம்பியின் கல்விக் கடனில் போட்ட கையெழுத்து எல்லாம் உன் அறிக்கையிலும் வந்து நிற்கும். அவர்கள் தவணை தவறினால் வலி உனக்கும்தான். ஜாமீன் என்பது ஒரு நாள் உபகாரம் அல்ல, கடன் முடிகிறவரை நடக்கிற பொறுப்பு. இதை வீட்டில் கேட்கும் விதம் ஒன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில், நாலு பேர் முன்னால், "என் பேரைக் கெடுத்துட்டே" என்று ஆரம்பித்த ஒருவனுடைய அண்ணன் அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டான். பாக்கி ஐந்து தவணை, போனது உறவு. தனியாகக் கூப்பிட்டு, காகிதத்தைக் கையில் கொடுத்து, "இது என்னன்னு எனக்குப் புரியலை, உனக்குத் தெரியுமா?" என்று கேள். வெட்கப்படுகிறவனுக்கு உண்மை சொல்ல ஒரு வாசல் வேண்டும்.

7. வங்கியே பெயர் மாறியிருக்கலாம்.

நீ கேள்விப்படாத வங்கியின் பெயர் வந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்டாதே. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு சேர்ந்தது. இப்படிச் சேரும்போது பழைய பெயரில் வாங்கிய கடன் புதிய பெயரில் தொடரும். சில சமயம் பழைய கணக்கை முடித்ததாகக் காட்டாமல் விட்டுவிட, ஒரே கடன் இரண்டு வரியாக நிற்கும். வாராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு வங்கி விற்றாலும் புதுப் பெயர் ஒன்று வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு, கடன் தொகையையும் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் ஒன்றானால் அது ஒரே கடனின் இரண்டு நிழல். பெயர் மாறும்; தேதி மாறாது.

8. முடிந்தது என்று வாயால் சொன்னதை நம்பாதே.

என்னிடம் வந்த புதிர்களில் நிறைய இந்த வகைதான். "மொத்தமா இவ்வளவு கட்டிடுங்க, முடிச்சிக்கலாம்" என்று வசூல்காரர் சொல்வார், மகிழ்ந்து கட்டுவோம். அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்தது என்பது அதன் பொருள். 'க்ளோஸ்டு' என்பதுதான் முழுதும் அடைத்ததற்கு அடையாளம். இரண்டும் நமக்கு ஒன்று. அடுத்துக் கடன் கொடுக்கிறவனுக்கு வேறு. கிரெடிட் கார்டிலும் இதே கதைதான். கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டால் கார்டு மூடியதாகிவிடாது. ஆண்டுக் கட்டணமும் அதற்குத் தாமதக் கட்டணமும் சத்தமில்லாமல் வளரும். மூடச் சொல்லி எழுதிக் கொடு. பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், நாளொன்றுக்கு 500 ரூபாய் உனக்கு அவர்கள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்தக் கடன் முடிந்தாலும் 'நோ டியூ' சான்றிதழை வாங்காமல் படி இறங்காதே. கடன் வாங்கும்போது காட்டுகிற பணிவை, முடிக்கும்போது கவனமாக மாற்றிக்கொள்.

9. சரியான இடத்தில் எழுத்தில் கேள்.

கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் எழுதுவதில்லை. அது பால் சொசைட்டி மாதிரி: வருகிற பாலை வாங்கிச் சேர்ப்பது அதன் வேலை, தண்ணீர் கலந்திருந்தால் ஊற்றியவரைத்தான் கேட்க வேண்டும். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அந்த நிறுவனத்தால் பதிவை மாற்ற முடியாது. அதனால் இரண்டு இடத்திலும் கொடு: தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் புகார், கடன் கொடுத்த வங்கிக்கு ஒரு கடிதம். கடிதத்தில் உன் தூக்கம் போனதை எழுதாதே. இப்படி எழுது: "இன்ன தேதியிட்ட என் அறிக்கையில், தங்கள் வங்கியின் இன்ன எண்ணுள்ள கணக்கில் இவ்வளவு ரூபாய் நிலுவை என்று உள்ளது. இந்தக் கடன் இன்ன தேதியில் முழுதும் அடைக்கப்பட்டது. ரசீதும் நிலுவையின்மைச் சான்றும் இணைத்துள்ளேன். பதிவைத் திருத்தி, திருத்திய தகவலை நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். அறிக்கையின் தலைப்பில் இருக்கும் கட்டுப்பாட்டு எண்ணையும் சேர். ஒரு கடிதத்தில் ஒரு பிழை. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. தபாலில் என்றால் ரசீதைப் பத்திரப்படுத்து. கவுன்டரில் சொல்லிவிட்டு வந்த குறை, கவுன்டரிலேயே தங்கிவிடும்.

10. காத்திரு, ஆனால் நாளை எண்ணிக்கொண்டே காத்திரு.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் 21 நாளுக்குள் கடன் கொடுத்த நிறுவனம் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். 30 நாள் தாண்டினால், தாண்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உனக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் 26 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. உன் கோரிக்கையை மறுத்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். பதில் வராமலோ திருப்தியில்லாமலோ போனால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. அங்கே கட்டணமில்லை; எப்படி மனுப் போடுவது என்று 14448-இல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் நேராக அங்கே ஓடாதே. முதலில் வங்கியிடம் கேட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் போனால் மனு நிற்காது. ஒரு பழைய நோட்டில் தேதி, யாரிடம் பேசினாய், என்ன சொன்னார்கள் என்று எழுதி வை. சத்தம் போட்டவனைவிட நோட்டுப் புத்தகத்தோடு வந்தவனுக்குத்தான் எங்கள் மேனேஜர்கள் எழுந்து நின்றார்கள்.

11. யாரோ உன் பெயரில் வாங்கியிருந்தால், தாமதிக்காதே.

எல்லாம் தேடியும் அந்தக் கடனோடு உனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதியானால், பொறுமைக்கு அங்கே வேலை இல்லை. 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் பிரிவில் பதிவு செய், அந்த ரசீதோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அன்றே எழுது. கடன் விண்ணப்பத்தின் நகலையும், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தையும் கேள். விண்ணப்பத்தில் இருக்கிற போட்டோவும் போன் எண்ணும் பாதி உண்மையைச் சொல்லிவிடும். அறிக்கையின் கடைசியில், உன் தகவலை எந்த நிறுவனம் எந்தத் தேதியில் கேட்டது என்று ஒரு பகுதி இருக்கும், அதையும் பார். நீ போகாத இடத்தில் உன் பெயர் கேட்கப்பட்டிருந்தால், அடுத்த மோசடி வழியில் இருக்கிறது என்று அர்த்தம். இனிமேல் பான், ஆதார் நகல் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. ஜெராக்ஸ் கடையில் அதிகமாக வந்த பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வராதே.

12. பதிவு உண்மையென்றால் அதோடு மல்லுக்கட்டாதே.

தேடிக்கொண்டே போய்க் கடைசியில், "ஆமாம், இது என் தவணைதான், நான்தான் விட்டேன்" என்று தெரியவரலாம். அப்போது உன் குணத்துக்குச் சோதனை. உண்மையான பதிவைப் பிழை என்று திரும்பத் திரும்பப் புகார் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி ஒவ்வொரு முறையும் "சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் எழுதும், மாதங்கள் ஓடும், பாக்கிக்கு வட்டி ஏறும். மெக்கானிக் ஒருவர் வேறு வழியில் போனார். மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கலாகி மூன்று தவணை நின்றுபோனதை மறைக்காமல் மேனேஜரிடம் சொல்லி, பாக்கியை அடைத்து, ஆஸ்பத்திரி பில்லையும் காட்டினார். பழைய கட்டங்கள் அப்படியே இருந்தன. ஆனால் அடுத்தடுத்து 000 என்று வரிசையாக விழுந்துகொண்டே வந்தது. அடுத்த கடனுக்கு அவர் போனபோது அதிகாரி அந்த வரிசையைப் பார்த்தார், அவர் சொன்ன காரணத்தையும் கேட்டார். கடன் கிடைத்தது. தவறிய மாதத்தை அழிக்க முடியாது. அதற்குப் பிறகு வரும் மாதங்கள் உன் கையில்தான் இருக்கின்றன.

13. சரியான பிறகும் ஒருமுறை சரிபார்.

"திருத்தியாச்சு" என்று செய்தி வந்ததும் மூடி வைத்துவிடாதே. அறிக்கையை மறுபடி எடு. ஒன்றில் திருந்தியது மற்ற மூன்றில் அப்படியே கிடக்கலாம். சில மாதம் கழித்து இன்னொரு முறையும் பார். வங்கியின் மூலக் கணக்கில் திருத்தாமல் மேலோட்டமாக மாற்றியிருந்தால், அடுத்த தகவலோடு பழைய பிழை திரும்பி வந்துவிடும். கடிதம், பதில், பழைய அறிக்கை, புதிய அறிக்கை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வை. பிறகு, உனக்கு வழி சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல். கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணும் யாரோ எழுதிய பிழைக்குத்தான் நாள் முழுதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுதான் கண்ணு. இந்த வாரமே உட்கார்ந்து நான்கு அறிக்கையையும் எடு. எடுத்த கையோடு உன் அம்மாவுக்கும் எடுத்துக் கொடு. மகளிர் குழுவில் அவர்கள் போட்ட கையெழுத்துகளுக்கும் ஒரு பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அவர்களுக்கு வாசித்துச் சொல்ல இதுவரை யாரும் உட்காரவில்லை.